மோட்டர் போடக் கூடாத அரை மணி நேரம்

தம்பி,

அந்த வீடியோவை முதலில் அழித்துவிடு. இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகு ஆறுதலாக வாசிக்கலாம். பொங்கலுக்கு வந்திருந்தபோது, குளக்கட்டில் நான் வெள்ளைச் சாரத்தோடு நின்று தாய் சிப் பயிற்சி செய்வதை எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாய். பின்னுக்குப் புல்லாங்குழல் வேறு போட்டிருக்கிறாய். 'எங்கள் அப்பா, எங்கள் வீட்டின் அமைதி' என்று மேலே எழுதியும் விட்டிருக்கிறாய். கனடாவிலிருந்து உன் பெரியப்பா, முனிவர் மாதிரி இருக்கிறாயடா என்று எழுதியிருக்கிறார். யாரென்றே தெரியாத ஒரு பிள்ளை, இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று உருகியிருக்கிறது. அம்மாவின் போனில் அதை மூன்று தரம் பார்த்தேன். அந்த மெதுவான கைகளையும், அரைக்கண் மூடிய அந்த மூஞ்சியையும் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஏனென்று உனக்கு விளங்காது. விளங்காதபடி உன்னை வளர்த்து வைத்தவனும் நான்தான்.

ஆவணியில் உனக்குக் கலியாணம். போன கிழமை துளசி வவுனியாவிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். முறைப்பாடு சொல்ல எடுக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளோடு போய்ச் சண்டை பிடிக்காதே. கலியாணத்துக்குப் பிறகு காலையில் ஐந்தரையிலிருந்து ஆறரை வரைக்கும் உன்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, அது உன்னுடைய பயிற்சி நேரம், வங்கி வேலையின் அழுத்தத்துக்கு அது இல்லாமல் முடியாது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று நீ சொல்லியிருக்கிறாயாம். அவளும் அதை நல்ல பழக்கம் என்றுதான் எடுத்திருக்கிறாள். வீட்டை அதற்கேற்ற மாதிரி எப்படி நடத்துவது என்று பழகிக்கொள்ளத்தான் எனக்கு எடுத்தாள். அம்மா எத்தனை மணிக்கு எழும்புவா, சமையலை எப்போது தொடங்குவா என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் மிகவும் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, அந்த நேரத்திலை மாமிக்கு ஏதும் அவசரமெண்டால் அவா என்ன செய்வா?"

சிக்னல் இல்லைப் பிள்ளை, பிறகு எடுக்கிறன் என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். அந்தக் கேள்விக்கு அவளிடம் சொல்ல முடியாத பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன். அவளுக்கு மாலை போடுவதற்கு முன்னால் உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் எப்படிப்பட்ட கோபக்காரனாக இருந்தேன் என்பதை உனக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சொதியில் உப்புக் கூடிவிட்டது என்று புட்டுக் கோப்பையைக் குசினிச் சுவரில் எறிந்தவன் நான். முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரம் போட்ட கொட்டிலில் இருந்த காலம் அது. ஒரு கோப்பை என்றால் ஒரு கோப்பைதான். அதையும் உடைத்தேன். நீ பொறுக்கினாய், அம்மா சுவரைக் கழுவினா. அதற்கு முன்னால், உனக்கு ஒன்பது வயதில், பெரிய வாய்க்காலில் நீ தவறி விழுந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். 'அப்பா' என்று நீ ஒரு சத்தம்தான் போட்டாய். நான் இரண்டு வயல் தள்ளி நின்றேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது, கட்டியிருந்த சாரம் எங்கே அவிழ்ந்தது என்றும் தெரியாது. இழுத்துக் கரையில் போட்டுவிட்டு உனக்குக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அடித்தது பிழை. ஆனால் அந்தக் காலத்தில் இந்த வீட்டில் யார் எந்த நேரம் கூப்பிட்டாலும் நான் வந்தேன். திட்டிக்கொண்டு வந்தேன், பல்லை நெருமிக்கொண்டு வந்தேன், ஆனால் ஓடித்தான் வந்தேன்.

பிறகு பிரஷர் வந்தது. கிளினிக்கில் கொப்பியும் மருந்துக் குளிசையும் தந்து, ஐயா கோபத்தைக் குறையுங்கோ என்றார்கள், ஏதோ கோபத்தை நான் கடையில் வாங்கிச் சாப்பிடுகிற மாதிரி. அதற்குமுன் தொண்டு நிறுவனங்களிலிருந்து ஊருக்கு எத்தனையோ பேர் வந்து எங்களுக்கு மன அழுத்தம் போக்கியிருந்தார்கள். ஒரு பனிஸும் ஒரு வாழைப்பழமும் தந்து, கண்ணை மூடி ஒரு ஆற்றங்கரையை நினையுங்கள் என்பார்கள். நான் கண்ணை மூடினால் எங்கள் வாய்க்காலில் எவன் கள்ளமாகத் தண்ணீர்க் கதவு திறக்கிறான் என்றுதான் தெரியும். மூச்சை உள்ளே இழுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஒருவர் எங்களைப் படம் எடுப்பார். அந்தக் கூட்டங்களில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு விஷயம் வாழைப்பழம்.

ஹனீபா நானாவிடம் போனது அப்படியல்ல. மாங்குளம் சந்தியில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போய், அவருடைய டயர்க் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் கடைக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவில் நின்று, இரண்டு கைகளையும் மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தார். சின்ன வயதில் முல்லைத்தீவிலிருந்து குடும்பத்தோடு வெளியேற வேண்டிவந்து, புத்தளத்தில் வளர்ந்து, கட்டாருக்குப் போய் உழைத்து, திரும்பவும் இந்தப் பக்கமே வந்து கடை போட்டவர். கட்டாரில் அவரோடு வேலை செய்த சீனாக்காரர் ஒருவர் விடிய எழும்பி, தொழிலாளர் லயத்துக்கு வெளியே நின்று இதைச் செய்வாராம். அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறார். மூச்சோடு சேர்ந்து செய்கிற சின்ன அசைவுகளுக்குச் சீகோங் என்று பெயர், தொடராகச் செய்கிறது தாய் சி என்று சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அண்ணைக்கும் காட்டித் தரட்டோ என்று அவராகவே கேட்டார். கிழமைக்கு இரண்டு நாள் போனேன். தோளை இறக்க, முழங்காலை இளக்க, நிலத்தில் முழுப் பாதமும் வைத்து நிற்கப் பழக்கினார். ஒரு மாதத்தில் என் பின்கழுத்தில் இருபது வருடமாகக் கிடந்த இறுக்கம் விட்டது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பயிற்சி நல்லது. அழுகியது நான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, அது எனக்குத் துண்டறப் பிடிக்காது. நடுவில் யாராவது பங்சர் என்று வந்தால், கையைத் தொங்கப்போட்டுவிட்டுப் போய்விடுவார். டயரைக் கழற்றி, ஒட்டி, காற்றடித்துக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மகள் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். இடையில் விட்டால் பலன் போய்விடாதா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார். "அண்ணை, கூப்பிட்டால் கெதியாப் போறதுக்குத்தானே உடம்பை இளக்கி வைக்கிறம்" என்றார். கடைக்காரன் கதை என்று நினைத்தேன். யாவாரம் கெடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று மனதுக்குள் அவரை இளக்காரமாகப் பார்த்தேன். ஒழுங்கு என்றால் என்னவென்று இவருக்கு நான் படிப்பிக்கலாம் என்று கூட நினைத்தேன்.

ஒழுங்கு என்றால் எனக்கு வேறொன்றுமில்லை, தண்ணீர் முறைதான். இடம்பெயர்ந்த காலம் போக மிச்சமெல்லாம் எங்கள் வாய்க்காலின் முறையைப் பார்த்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். மழையில்லாத சிறுபோகத்தில் குளத்தில் கொஞ்சம்தான் கிடக்கும், ஒவ்வொருவருக்கும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று பிரித்துக் கதவு திறப்போம். உன் முறை ஓடும்போது உன் தண்ணீரை வேறு யாரும் தொட முடியாது. உன் முறை முடிந்தால் நீ அழுதாலும் கிடையாது. கடைசிக் காணிக்கார லட்சுமி அக்கா, பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் தன்னுடைய முறையைத் தவறவிட்டு, அரை மணி நேரம் மட்டும் தா என்று என் முன்னால் நின்றபோது, முறை எண்டால் முறைதான் அக்கா என்று கதவைப் பூட்டினேன். அவவின் வயலில் ஒரு மூலை கருகியது. கமக்காரர் கூட்டத்தில் அதற்காக என்னை மெச்சினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அந்தப் புத்தியைத்தான் தாய் சிக்குள்ளும் கொண்டுவந்தேன். காலை ஆறு மணியிலிருந்து ஆறரை என் முறை. அதற்குள் ஒரு சொட்டும் வேறு பக்கம் போகாது.

அப்போது குளக்கட்டுக்குப் போவதில்லை, வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழேதான் செய்தேன். நீ பல்கலைக்கழகத்தில் இருந்த காலம், விடுமுறைக்கு மட்டும் வருவாய். அப்பா மாறிவிட்டார், வீடு கோயில் மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னது எனக்கு எவ்வளவு பெருமை. அந்தக் கோயிலை யார் கூட்டிப் பெருக்கினார் என்று நீ பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த அரை மணி நேரம் அம்மா சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் துணி வைத்து மூடுவா, சத்தம் கேட்கக் கூடாதென்று. கோழிகளை முன் முற்றத்துக்கு வரவிடாமல் வேலியோரம் நின்று கலைப்பா, அதுவும் வாயால் அல்ல, கையால். தண்ணீர்ச் சண்டையோடு யாராவது படலைக்கு வந்தால், அவர் பயிற்சியிலை நிக்கிறார், பிறகு வாங்கோ என்று மெதுவாகச் சொல்லி, எனக்கு விழ வேண்டிய ஏச்சையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு அனுப்புவா. நான் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அவவின் தலையில்தான் போய் இறங்கியது. கிணற்று மோட்டர் ஒருநாள் என் பயிற்சிக்கு நடுவில் இரைந்தது. நான் கத்தவில்லை, நான்தான் திருந்தியவன் ஆயிற்றே. போய் ஆளியை அமத்தி மோட்டரை நிறுத்திவிட்டு, அவவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். அதற்குப் பிறகு அந்த அரை மணி நேரம் மோட்டர் போடுவதில்லை. தேவையான தண்ணீரை அம்மா வாளி விட்டுக் கயிற்றால் இழுத்து அள்ளினா.

இப்போது உனக்கு விளங்கத் தொடங்கியிருக்கும். அம்மாவின் இடக்கை மணிக்கட்டு முறிந்த நாளைப் பற்றி உனக்கு நாங்கள் சொன்ன கதை இதுதான்: கரண்ட் இல்லை, அப்பா வாய்க்காலடிக்குப் போயிருந்தார், அம்மா தண்ணீர் அள்ளப் போய்ப் பாசியில் வழுக்கிவிட்டா. கரண்ட் இருந்தது. நான் வாய்க்காலடிக்குப் போகவில்லை. மாமரத்துக்குக் கீழே, கிணற்றடியிலிருந்து முப்பது அடி தள்ளி நின்றேன். இடையில் இருந்தது குசினிச் சுவர் மட்டும்தான்.

பயிற்சியில், மேகம் மாதிரிக் கையை அசைக்கிற இடத்தில் நின்றேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவவின் குரல். "இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ." முப்பது வருடமாகக் கேட்ட குரல், தம்பி. சும்மா கூப்பிடுகிற குரல் எது, தாங்க முடியாமல் கூப்பிடுகிற குரல் எது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்துகொண்டே கையை மற்றப் பக்கம் கொண்டுபோனேன். இன்னும் எட்டு அசைவுதான் கிடக்கிறது, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஏதோ கோபத்தில் நினைக்கவில்லை, அவ்வளவு அமைதியாக நினைத்தேன். எட்டையும் செய்தேன். ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் தொப்புளுக்கு மேலே வைத்து, மூன்று மூச்சு எண்ணி எடுத்து, நிலத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். ஓடவில்லை, நடந்து போனேன்.

கிணற்றுக் கட்டோடு நனைந்த சீமெந்தில் இருந்தா. இடக்கையை மடியில் வைத்து வலக்கையால் பிடித்திருந்தா. முகம் வெளிறிப்போயிருந்தது. என்னைக் கண்டவுடன், வாளி கிணத்துக்கை விழுந்திட்டுது என்றா. கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அப்போது வாயைத் திறந்து சொன்னதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது. பக்கத்தில் குந்தி, மிகவும் அன்பான குரலில், "ஏனப்பா என்னைக் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன். அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. பிறகு, கூப்பிட நினைச்சனான், விட்டிட்டன் என்றா. அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஓட்டோவுக்குள் வைத்து, பிள்ளை கேட்டால் நான் வாய்க்காலடியிலை நிண்டதெண்டு சொல்லு, அவன் படிக்கிற பெடியன், வீணா மனம் குழம்புவான் என்றேன். தலையாட்டினா. அன்றைக்குப் பின்னேரமே நீ எடுத்தபோது, கரண்ட் இல்லையெண்டு தண்ணி அள்ளப் போனனான் மகன் என்று தானாகவே ஒரு வசனம் கூட்டிச் சொன்னா.

பத்து நிமிடம் பிந்தியதால் எலும்பு கோணவில்லை, விழுந்த விதம் அப்படி என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டினேன். அவவால் இப்போது தேங்காய் திருவ முடியாது, குடத்தைத் தூக்க முடியாது, மழை இருட்டினால் மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு இருப்பா. நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சியை வீட்டு முற்றத்திலிருந்து குளக்கட்டுக்கு மாற்றினேன். அம்மா தாராளமா மோட்டர் போடட்டும் என்று உனக்குச் சொன்னேன். உண்மையில், குரல் கேட்காத தூரத்துக்குப் போனேன். அந்த இடத்தில் வைத்துத்தான் நீ என்னைப் படம் எடுத்திருக்கிறாய், புல்லாங்குழலும் போட்டிருக்கிறாய்.

உன்னைப் பயிற்சியை விடச் சொல்லவில்லை. பகல் முழுக்க வங்கியில் ஆட்களின் ஏச்சை வாங்குகிறவனுக்குத் தோளை இறக்கத் தெரிந்திருப்பது நல்லதுதான். விடிய எழும்பு, முழங்காலை இளக்கி நில், மூச்சை ஒழுங்காக எடு. ஆனால் போனை நிறுத்தாதே, கதவைப் பூட்டாதே, அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு முகத்தைச் சுழிக்காதே. கோபத்தை விட்டுவிட்டேன் என்று நீ சொல்கிறபோது, அதை யாரிடம் இறக்கிவிட்டாய் என்று ஒருதரம் திரும்பிப் பார். துளசி போன் எடுத்த மறுநாளிலிருந்து நான் குசினி வாசலடியில் நின்று செய்கிறேன். வழியை மறிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ என்று அம்மா ஒரு காலையில் மூன்று தரம் தள்ளிவிடுவா. மூன்று தரமும் குழம்பிப்போகிறது. நடுவில் உள்ளுக்குள் பழைய ஆள் பல்லை நெருமுவது எனக்குக் கேட்கிறது. அவன் இன்னும் சாகவில்லை.

துளசி கேட்ட கேள்வியோடு நான்கு நாள் திரிந்துவிட்டு, முந்தநாள் மத்தியானம் அம்மாவிடம் போனேன். குசினிக் கதிரையில் இருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தா, வலக்கையால் மட்டும். அண்டைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது என்று சொன்னேன். நின்ற நிலையில் சொன்னேன், இருக்க முடியவில்லை. கீரை உருவுகிற கை நிற்கவில்லை. அழுவா, ஏசுவா, இல்லாவிட்டால் எழும்பிப் போவா என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகேன் ரெண்டாந்தரம் கூப்பிடேல்லை என்று கேட்டேன். இந்த வயதிலும் குற்றத்தில் பாதியை அவவின் பக்கம் தள்ளப் பார்த்தேன், கவனித்தாயா?

அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்தா. "ஒருக்காக் கூப்பிட்டு வராட்டி, கேக்கேல்லையாக்கும் எண்டு இருக்கலாம். ரெண்டாந்தரம் கூப்பிட்டும் வராட்டி, அதுக்குப் பிறகு நான் உங்களோட எப்பிடி இருக்கிறது?"

நான் அவவுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன். இதையெல்லாம் தம்பிக்கு எழுதப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயத்தில் அவ வேண்டாம் என்பா என்று நினைத்தேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசைப்பட்டேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அவ தட்டைத் திரும்ப மடியில் எடுத்து வைத்தா.

"எழுதுங்கோ. துளசியும் ஒருக்காத்தான் கூப்பிடுவாள்."

அப்பா